இயல்பானவர் ஒருவர்

உளவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிகிற சமயத்தில் எல்லோர் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். அதில் மூன்று கட்டங்கள்: மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், தொழில் உளவியல். எது முதல் விருப்பம், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று எண் போட்டுத் திருப்பித் தர வேண்டும். மூன்றுக்கும் பட்டம் ஒன்றுதான், மதிப்பும் ஒன்றுதான் என்று துறைத் தலைவர் வருடா வருடம் மேடையேறிச் சொல்வார். அதை அவரைத் தவிர யாரும் நம்பியதில்லை. மருத்துவப் பிரிவுக்குப் போனவர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போவார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். படிக்கிறவர்கள் அறுபத்து நான்கு பேர், மருத்துவப் பிரிவில் இடம் பதினாறு.

அந்தப் பதினாறில் ஒன்று தனக்கு வேண்டும் என்று அந்த மாணவிகளில் ஒருத்தி முதல் வருடத்திலேயே முடிவு செய்திருந்தாள். ஒரு நாள் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு மனிதர் முன்னால் உளவியலாளர் ஒருவர் முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த மனிதர் தன் மனைவியின் பெயரைச் சொல்லிவிட்டார். கூட வந்த மாணவிகள் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து இந்தக் கதையை நான்கு தடவை சொன்னாள். அப்பா நான்கு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடின. மகள் உளவியலில் சேர்ந்த அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் 'டாக்டரம்மா' என்று பெயர். "மனசைப் படிக்கிற படிப்புதானே, நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்" என்று வேலை முடிந்து வந்ததும் கேட்பார். "டீ வேணும்னு நினைக்கிறீங்க" என்பாள் அவள். பல்கலைக்கழகத்துப் படிப்பு வீண்போகவில்லை என்று அவர் மனைவியிடம் சான்றிதழ் கொடுப்பார். தினமும் இதே கூத்துதான். மூன்று பேருக்குமே அது சலிக்கவில்லை.

அம்மா சலவைக்கடையில் கவுன்ட்டரில் இருந்தாள், இருபத்திரண்டு வருடமாக. துணி போடுகிறவர்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும் என்பது கடையின் விதி. கொடுப்பாள். ஆனால் திரும்ப வாங்க வருகிறவர் சீட்டைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே அவருடைய துணி கவுன்ட்டர் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். யாருடைய கோட்டில் எந்தப் பொத்தான் மாற்றித் தைத்தது, யாருடைய சட்டைக் கையில் மைக்கறை என்று எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. எட்டு மாதம் வெளிநாடு போய்விட்டு வந்த ஒரு வக்கீலிடம், விட்டுப்போன ஒற்றைக் கையுறையை எடுத்து நீட்டியவள் அவள். அந்த வக்கீல் இன்னும் அந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்.

இங்கேதான் செய்முறைப் பாடத்து ரெக்கார்டு நோட்டு வருகிறது. மருத்துவப் பிரிவுக்கு ஆள் எடுப்பது செய்முறை மதிப்பெண்ணை வைத்து. அதில் பெரிய பங்கு ஒரு நினைவுத்திறன் சோதனைக்கு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, நடுத்தர வயதுள்ள, இயல்பானவர் ஒருவரை உட்காரவைத்து முழுச் சோதனையையும் தனியாகச் செய்து எழுதிவர வேண்டும். செய்முறை ஆசிரியை கண்டிப்புக்குப் பேர்போனவர். நொடிக்கு ஒரு சொல் வீதம் வாசிக்க வேண்டும், குரல் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது, தலையாட்டக்கூடாது. எண்கள் வழக்கமான அளவுக்குக் கீழே வந்திருந்தால் சிவப்பு மையில் 'செய்முறைப் பிழை' என்று எழுதிப் பத்து மதிப்பெண்ணைக் கழித்துவிடுவார். உட்கார்ந்த ஆள் இயல்பானவர், அப்படியென்றால் எண்ணும் இயல்பாகத்தான் வர வேண்டும், வராவிட்டால் கோளாறு சோதனை செய்தவர் கையில்தான். இதுதான் அவர் கணக்கு. இருபது வருடமாக அவர் கணக்கு தப்பியதும் இல்லை, ஏனென்றால் அந்தச் சிவப்பு மைக்குப் பயந்து பிள்ளைகள் எல்லோரும் இங்கே ஒன்று அங்கே ஒன்று கூட்டித்தான் எழுதினார்கள். அந்தத் துறையில் படித்த யாருடைய வீட்டிலும் ஞாபகமறதிக்காரர் ஒருவர்கூட இருந்ததாக நோட்டுகளில் இல்லை.

யாரை உட்காரவைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. ஞாபகத்துக்கு அம்மாவை விட்டால் ஆள் ஏது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையைத் துடைத்து அம்மாவை உட்காரவைத்தாள். சத்தம் கூடாது என்று அப்பாவை வெளியே அனுப்பினாள். தன் வீட்டிலிருந்தே தன்னைத் துரத்துகிறார்கள் என்று புலம்பிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். மகளுடைய பரீட்சை என்றால் தனக்கும் பரீட்சைதான் என்பது அவள் எண்ணம்.

பதினைந்து சொற்கள். குடை, சாவி, மேகம், ஏணி என்று போகிற பட்டியல், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்காது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். முடிந்ததும் நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். அம்மா ஐந்து சொன்னாள். மறுபடி வாசித்தாள், ஆறு. மூன்றாம் தடவையும் ஆறு. இந்த வயதில் உள்ளவர்கள் மூன்றாம் தடவைக்குள் பதினொன்று பன்னிரண்டுக்கு ஏறிவிடுவார்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. இருபது நிமிடம் வேறு வேலைகள் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டாள். அம்மா நெடுநேரம் மேசையையே பார்த்தாள். குடை என்றாள். பிறகு ஏணி என்றாள். பிறகு இஸ்திரிப்பெட்டி என்றாள். பட்டியலில் இஸ்திரிப்பெட்டியே இல்லை.

"கடை நினைப்பு" என்று சொல்லி அம்மா சிரித்தாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றும் சொன்னாள். மகளும் சிரித்தாள், ஆனால் பயந்துபோயிருந்தாள். பயம் அம்மாவைப் பற்றி அல்ல. வேகமாக வாசித்துத் தொலைத்துவிட்டோம், போச்சு பத்து மதிப்பெண் என்பதுதான் அவள் பயம். மறுநாள் தோழிகளிடம் கேட்டபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள். தாய்மாமனை உட்காரவைத்த ஒருத்தி மட்டும், நீ இருமினால்கூட எண் குறையும் என்று கூடுதலாகப் பயமுறுத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பட்டியலை வைத்து மறுபடி செய்தாள். ஒரே பட்டியலை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை கொடுக்கக்கூடாது என்பது விதி. விதியை மீறியும் எண் போதுமான அளவு ஏறவில்லை. ஏழு வந்தது, கடைசியில் நான்கு. அன்று பிற்பகல் அவள் நோட்டைத் திறந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது நிமிடம் கழித்துப் பதினொன்று என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். கீழே முடிவுரையும் எழுதினாள்: 'சோதனைக்கு உட்பட்டவரின் நினைவுத்திறன் அவருடைய வயதுக்குரிய இயல்பு நிலையில் உள்ளது.' பொய் எழுதுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. தன் கையால் நேர்ந்த பிழையைத் திருத்துகிறோம் என்றே நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளை அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த வயதில், அந்தப் படிவத்துக்கு முன்னால், யார்தான் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள்?

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. 'நேர்த்தியான செய்முறை' என்று ஆசிரியை பச்சை மையில் எழுதியிருந்தார். அவர் பச்சை மையும் வைத்திருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. படிவத்தில் மருத்துவ உளவியலுக்கு நேரே ஒன்று என்று போட்டுக் கொடுத்தாள். தேர்வானவர்கள் பட்டியலை ஒட்டினபோது ஒன்பதாவது பெயர் அவளுடையது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கட்டடத்துக்கு லிப்ட் பார்க்கப் போனாலும் மாடிக்கு மாடி இந்தச் செய்தியையும் ஏற்றி இறக்கினார். ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்ததும் அதைப் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம்.

முதலில் ஒரு சட்டை மாறிப்போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை என்பதால் வாடிக்கையாளரே அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். பிறகு அம்மா சீட்டைப் பார்த்துத் துணி எடுக்க ஆரம்பித்தாள். பிறகு சீட்டைப் பார்த்தும் எடுக்க முடியவில்லை. முதலாளி நல்ல மனிதர். திட்டவில்லை, பின்கட்டில் துணி மடிக்கிற இடத்துக்கு மாற்றினார். கவுன்ட்டரில் நின்று நின்று கால் வலிக்கிறது என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டதாக அம்மா வீட்டில் சொன்னாள்.

வீட்டில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அப்பா ஒரு நாள் மகள் படித்துக்கொண்டிருந்த அறைக்கு வந்து, கதவருகிலேயே நின்று, "அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமாம்மா?" என்று கேட்டார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் முன்னால் விரித்திருந்தது நினைவாற்றல் கோளாறுகள் பற்றிய பாடம்தான். அந்த வாரம் அதில் தேர்வு.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லப்பா. நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தேனே, நார்மல். வேலைக் களைப்பு" என்றாள்.

அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். படித்த பிள்ளை சொன்னால் அவருக்கு அதற்குமேல் வேதம் இல்லை. மகளும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கொடுமை. தன் கையால் மாற்றி எழுதிய வரியைத் தானே நம்பியிருந்தாள், பச்சை மையில் ஆசிரியை கையெழுத்துப் போட்ட பிறகு அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் அம்மா பேருந்து நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். வீட்டுக்குப் போகிற பேருந்து நான்கு தடவை வந்து போனது. அந்தப் பக்கம் வந்த கையுறை வக்கீல்தான் பார்த்து, காரில் கூட்டிவந்து விட்டார். எந்தப் பேருந்து என்று கேட்டேன், சிரித்தார்கள், பதில் சொல்லவில்லை என்று வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று வீட்டில் டீ பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மகள் வாரம் ஒரு நாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருகிற அதே மருத்துவமனை. பார்த்த நரம்பியல் டாக்டர், அவளுடைய பயிற்சி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற அதே பெண்மணி. அவளைக் கண்டதும் அடையாளம் தெரிந்து நாற்காலியைக் காட்டினார். அம்மாவிடம் என்ன மாதம், எந்தக் கிழமை என்று மெதுவாகக் கேட்டார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா வாயசைத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்.

எப்போதிலிருந்து இப்படி, இதற்கு முன்னால் ஏதாவது சோதனை செய்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அப்பா தன் பையைத் திறந்தார். ஒட்டாத பழுப்பு உறைக்குள்ளிருந்து அந்த ரெக்கார்டு நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. மகள் செய்தது, பல்கலைக்கழகத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தது, உதவும் என்று அவருக்கே தோன்றி எடுத்து வந்திருந்தார்.

டாக்டர் அதைக் கவனமாகப் படித்தார். தேதியைப் பார்த்தார். முகம் மாறியது. எட்டு மாதத்துக்கு முன்னால் முழுக்க இயல்பாக இருந்தவர், எட்டே மாதத்தில் இந்த அளவு என்றால் இது மறதி நோயில் வேகமாக முற்றுகிற வகையாக இருக்கலாம், காத்திருக்க முடியாது என்றார். இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், கடுமையான மருந்து ஒன்றைத் தொடங்க வேண்டும், அதில் ஆபத்து உண்டு, ஆனாலும் இந்த நிலையில் அதுதான் வழி என்று சொல்லிக்கொண்டே சீட்டை எழுதத் தொடங்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அம்மா தன் முதுகை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மகளுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. பேனா தாளில் ஓடுவது மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்தால் பதினாறில் ஒன்று போய்விடும், அப்பா முகத்தில் இனி விழிக்க முடியாது, வாழ்நாள் முழுக்க இந்த அறையை விட்டு வெளியே வர முடியாது என்று தெரிந்தது. திறக்காவிட்டால் அம்மாவின் முதுகில் ஊசி இறங்கும்.

"டாக்டர், எழுதாதீங்க. அது சரியான நோட்டு இல்ல" என்றாள். "நான் மாத்தி எழுதினேன்."

பேனா நின்றது. டாக்டர் அவளைத் திட்டவில்லை. உண்மையான எண்கள் ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. அஞ்சு, ஆறு, ஆறு என்று சொன்னாள். இருபது நிமிஷம் கழிச்சு ரெண்டு. பட்டியலில் இல்லாத சொல் ஒன்று. அந்த அறையில் எதையும் மறக்காதவளாக அவள் ஒருத்திதான் இருந்தாள்.

டாக்டர் நோட்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பக்கத்தில் இவற்றை எழுதினார். எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்தார். அப்படியானால் இது மெதுவாக வருகிற வகையாகத்தான் தெரிகிறது, தொடங்கி இரண்டு வருடமாவது ஆகியிருக்கும், ஊசியும் அந்தக் கடுமையான மருந்தும் இப்போதைக்கு வேண்டாம், ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். இதைத் தீர்க்க மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கலாம். கவுன்ட்டர் வேலையை இன்னும் ஒரு வருடமாவது செய்திருப்பார்களோ என்னவோ, யார் கண்டது என்றார்.

அப்பா மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான் வந்து கேட்டேனேம்மா" என்றார். "ஒண்ணும் இல்லன்னியே."

எனக்குத் தெரியாதுப்பா, தப்பு என்னோடதுன்னு நினைச்சேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று அவளுக்கே பட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

"அவளைக் கேக்காதீங்க" என்றாள் அம்மா.

மூவரும் திரும்பினார்கள். அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தெளிவாக உட்கார்ந்திருந்தாள்.

"மறுபடி கேப்பான்னு தெரியும். ஒரு வாரம் இருந்துச்சு. அவ குளிக்கப் போறப்பல்லாம் பையில இருந்து அந்தத் தாளை எடுத்துப் படிச்சேன். தினம் படிச்சேன். பதினஞ்சே பதினஞ்சு வார்த்தை, நிக்க மாட்டேங்குது. கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. சொன்னா இவ மார்க்கு போயிடும். பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." அப்பாவைப் பார்த்தாள். "அப்புறம் சொல்ல மறந்துட்டேன்."

எது நிற்கும், எது போகும் என்று அந்த நோய்க்குத்தான் தெரியும். மகள் எழுந்துபோய் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருத்துவமனை என்றும் பார்க்கவில்லை, வாரா வாரம் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற இடம் என்றும் பார்க்கவில்லை. அழுதாள். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டாக்டர், இதைத் துறைக்குச் சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியாது என்றார். நீயே போய்ச் சொல்கிறாயா, நான் எழுதட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றாள் அவள், மடியிலிருந்து தலையைத் தூக்காமலே. உன் இடம் போனாலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். தெரியும் என்றாள்.

அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். குனிந்து, அடுத்தவர் காதில் விழக்கூடாத ரகசியம்போலக் கேட்டாள்.

"எந்த எடம்? அந்தப் பதினாறுல ஒண்ணா? உனக்குக் கெடைச்சுடுச்சா?"

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கெடைச்சுடுச்சும்மா" என்றாள்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இதை ஏன் இவ்வளவு நேரம் தன்னிடம் சொல்லவில்லை என்று அப்பாவைக் கடிந்துகொண்டாள்.